உங்கள் பேட்டைக்கு எம்ஆர்டி நிலையம் கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்கள் வட்டாரத்திற்கு ரயில் நிலையம் வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது கையெழுத்து வாங்குவது. இணையத்தில் ஒரு மனுவைப் போட்டு, வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பி, சில நாளில் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்து மகிழ்கிறார்கள். பிறகு ஒரு பக்கப் பதில் வருகிறது: தற்போதைக்குத் திட்டமில்லை, தொடர்ந்து பரிசீலிப்போம். அதோடு பாதிப் பேர் கலைந்துவிடுவார்கள்.

வேலையை வரிசை மாற்றிச் செய்ததுதான் காரணம். சிங்கப்பூரில் ஒரு நிலையத்தின் தலையெழுத்தை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. நிலையத்தைச் சுற்றி எத்தனை பேர் வாழ்வார்கள்? அவர்கள் எப்போது குடிவருவார்கள்? இவை இரண்டுக்கும் அதிகாரிகளிடம் ஒரு பதில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பதிலில் எது விடுபட்டிருக்கிறது என்று காட்டுவதே நம் வேலை. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

தொடங்குமுன் தேவையானவை

ஒரே பேட்டையில் வசிக்கும் நான்கைந்து பேர் போதும். அவர்களில் ஒருவருக்கு எக்செல் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் ஆங்கிலத்தில் தெளிவாக எழுத வேண்டும். ஒருவர் புளோக்கில் எல்லாருக்கும் தெரிந்த முகமாக இருக்க வேண்டும். பொறுமைக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலை மாதங்களில் முடியாது, ஆண்டுகள் ஆகும். அதை முதல் சந்திப்பிலேயே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஆள் சேர்த்தால், முதல் மறுப்புக் கடிதம் வந்ததும் தனியாக நிற்பீர்கள்.

1. நீங்கள் கேட்பது எந்த வகை நிலையம் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எல்லா நிலையக் கோரிக்கைகளும் ஒன்றல்ல. வகைக்கு வகை வாதம் மாறும், காலம் மாறும், செலவும் மாறும்.

முதல் வகை, கட்டி முடித்தும் திறக்காதது. வடகிழக்குப் பாதை 2003 ஜூனில் ஓடத் தொடங்கியபோது புவாங்கோக், உட்லே நிலையங்கள் மூடியே இருந்தன. புவாங்கோக் 2006 ஜனவரியில் திறந்தது. உட்லே 2011 ஜூன்வரை காத்திருந்தது. செங்காங் இலகு ரயிலின் மேற்கு வளையம் 2005ல் தொடங்கியது, ஆனால் அதிலுள்ள டெக் லீ நிலையம் 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் மூன்றாம் கட்டம் 2022 நவம்பரில் திறந்தபோதும் மவுண்ட் பிளசண்டில் ரயில் நிற்கவில்லை. இந்த வகையில் உங்கள் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஆட்கள் வந்துவிட்டார்களா? கட்டுமானச் செலவு முன்பே முடிந்துவிட்டதால், குடியேறியவர்களின் எண்ணிக்கையே முழு வாதமும்.

இரண்டாம் வகை, கூடு மட்டும் கட்டி வைத்தது. வட்டப் பாதையின் புக்கிட் பிரவுன் இப்படிப்பட்டது. டவுன்டவுன் பாதையின் ஹியூம் இதற்கு நல்ல பாடம். ஹில்வியூவுக்கும் பியூட்டி வோர்ல்டுக்கும் நடுவில் கான்கிரீட் கூடு மட்டும் இருந்தது. 2015 டிசம்பரில் பாதையின் இரண்டாம் கட்டம் திறந்தபோது ரயில் அதைத் தாண்டிப் போனது. குடியிருப்பாளர்கள் விடாமல் கேட்டார்கள், தொகுதி உறுப்பினரும் குரல் கொடுத்தார். உள்வேலைகளைச் செய்து நிலையமாக்கும் முடிவு 2019ல் வந்தது. 2025 பிப்ரவரி 28 அன்று கதவு திறந்தது. முடிவுக்குப் பிறகும் ஆறாண்டுகள் ஆகின என்பதைக் கவனியுங்கள். ஓடும் பாதையில் மின்தூக்கி, நகரும் படிக்கட்டு, காற்றோட்டம், நடைமேடைக் கதவு எல்லாம் பொருத்துவது லேசான வேலையல்ல.

மூன்றாம் வகை, ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே புதிதாக ஒன்று. கிளமெண்டிக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே டோவர் 2001 அக்டோபரில் வந்தது. செம்பவாங்கிற்கும் யீஷூனுக்கும் இடையே கேன்பரா 2019 நவம்பரில் வந்தது. அடுத்து வடக்கு-தெற்குப் பாதையில் பிரிக்லேண்டும் சுங்கை காடுட்டும் வரவிருக்கின்றன; இரண்டும் 2030களின் நடுப்பகுதிக்கு. இங்கே மக்கள்தொகையோடு தண்டவாளமும் உங்களுக்கு ஒத்துழைக்க வேண்டும். வடக்கு-தெற்குப் பாதை ரயிலில் ஆறு பெட்டிகள். அதற்கு ஏறத்தாழ 140 மீட்டர் நீள நடைமேடை வேண்டும், அந்த நீளம் முழுக்கப் பாதை நேராகவும் சமமாகவும் இருக்க வேண்டும். உங்கள் பேட்டைக்கு நேர் எதிரே பாதை வளைகிறதென்றால், அந்த இடத்தைக் கேட்டுப் பயனில்லை. அரசாங்கத்தின் ஒன்மேப் இணைய வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தாலே வளைவு தெரியும்.

நான்காம் வகை, திட்டத்தில் இருக்கும் அல்லது ஆய்வில் இருக்கும் பாதை. உட்லண்ட்ஸ், செம்பவாங், செங்காங் மேற்கு, சிராங்கூன் நார்த், வாம்போ, காலாங் வழியாக வரக்கூடிய சிலேத்தார் பாதையையும், தெங்காவிலிருந்து தெற்கே வரக்கூடிய தெங்கா பாதையையும் ஆராய்வதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். சாத்தியம் என்று தெரிந்தால் 2040களில் வரும். உங்கள் பேட்டை இந்த வழியில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கோடு காகிதத்தில் இருக்கும்போது நிலையத்தின் இடத்தை நகர்த்துவது மலிவு. சுரங்கம் தோண்டிய பிறகு அது நடக்காது.

பழைய பாதையைத் திரும்பத் திறக்கச் சொல்கிறவர்களும் உண்டு. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ்வரை ஓடிய மலாயா ரயில் 2011 ஜூன் 30 இரவோடு நின்றது, தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். அந்த 24 கிலோமீட்டர் இன்று ரயில் பசுமைப் பாதை. புக்கிட் தீமா பழைய நிலையம் 2022ல் பாரம்பரிய இடமாகத் திறக்கப்பட்டது. அந்த வழித்தடத்தைப் பசுமையாகவே வைத்திருக்கும்படி சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010லேயே எழுத்துப்பூர்வமாக யோசனை கொடுத்தது. மக்கள் விரும்பி நடக்கும் அந்த இடத்தில் மீண்டும் ரயில் கேட்டால் உங்கள் அண்டை வீட்டாரே எதிர்ப்பார்கள். அந்த வழியை விட்டுவிடுங்கள்.

2. நில வரைபடத்தைப் படியுங்கள்

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய வரைபடம். எந்த நிலம் குடியிருப்புக்கு, எது பின்னாளைக்கு ஒதுக்கி வைத்தது, எது தொழிலுக்கு என்று நிறம் நிறமாகக் காட்டும். உங்கள் நிலையம் வரக்கூடிய இடத்தைச் சுற்றிப் பத்து நிமிட நடை தூரத்தில் என்ன நிறங்கள் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். குடியிருப்பு நிலம் காலியாகக் கிடந்தால் அதுதான் உங்கள் மிகப் பெரிய பலம். முழுக்க நிரம்பிய தரைவீட்டு வட்டாரமாக இருந்தால் வாதம் கடினம். அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பெருந்திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்கிறார்கள். கடைசி வரைவு 2025 ஜூனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. நிலப் போக்குவரத்துப் பெருந்திட்டங்கள் 2008, 2013, 2019 என்று வந்திருக்கின்றன. இந்த இரண்டு சக்கரங்களும் சுழலும் காலத்தைத் தெரிந்துகொண்டு உங்கள் கடிதத்தை அனுப்புங்கள். வரைவு தயாராகும் ஆண்டில் வரும் யோசனை மேசைக்குப் போகும்; வரைவு வெளியான மறுநாள் வரும் யோசனை கோப்புக்குப் போகும். வரைவு காட்சிக்கு வைத்த பிறகும் கருத்துச் சொல்ல அவகாசம் தருகிறார்கள், தவறவிடாதீர்கள். ஆனால் அதற்கு முந்தைய ஓராண்டுதான் உண்மையில் வேலை நடக்கும் காலம்.

நிலப் போக்குவரத்துத் திட்டத்தில் ஓர் அளவுகோலையும் வைத்திருக்கிறார்கள்: 2030களில் பத்தில் எட்டு வீடுகள் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்க வேண்டும். உங்கள் பேட்டை அந்த எட்டில் சேருமா, மீதி இரண்டிலா என்று அளந்து பாருங்கள். மீதி இரண்டில் என்றால், அரசாங்கம் தானே வைத்த அளவுகோலுக்கு வெளியே நீங்கள் நிற்கிறீர்கள். அதைக் கடிதத்தின் முதல் பத்தியில் சொல்லலாம்.

3. ஆட்களைச் சேருங்கள், சங்கம் தொடங்காதீர்கள்

உற்சாகத்தில் பலர் உடனே "இயக்கம்" என்று பெயர் வைத்து, தலைவர், செயலாளர் நியமித்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்த அமைப்பு சங்கச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு, கணக்கு, ஆண்டுக் கூட்டம் என்று பாதி சக்தி அதிலேயே போகும்.

அதைவிட, இருக்கும் அமைப்புக்குள் நுழையுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையென்றால் குடியிருப்பாளர் கட்டமைப்பு. கூட்டுரிமை வீடென்றால் அதன் நிர்வாக மன்றம். தரைவீடுகளென்றால் அக்கம்பக்கக் குழு. புளோக்கின் கீழேயுள்ள வெற்றுத்தளத்தில் மேசை போட, மின்தூக்கி அருகே அறிவிப்பு ஒட்ட, அனுமதி வாங்கித் தரக்கூடியவர்கள் அவர்கள்தான். நம் சமூகத்தவர் பலர் சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்களில் தொண்டூழியராக இருக்கிறார்கள். பொங்கல், தீபாவளிக் கொண்டாட்டங்களை நடத்தும் அதே அண்ணன்மாரும் அக்காமாரும் அந்தத் தொகுதியின் எல்லா அடித்தளத் தலைவர்களையும் அறிவார்கள். முதல் தொலைபேசி அழைப்பு அவர்களுக்குப் போகட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: இது தமிழர் கோரிக்கையாகத் தோன்றக்கூடாது. சீன, மலாய்க் குடும்பங்கள் முதல் நாளிலிருந்தே குழுவில் இருக்க வேண்டும். நிலையம் எல்லாருக்கும் பொது.

பணம் திரட்டாதீர்கள். வீடு வீடாகவும் தெருவிலும் பணம் வசூலிக்க உரிமம் தேவை. இந்த வேலைக்குக் காகிதமும் நேரமும்தான் செலவு.

4. எண்களைச் சேகரியுங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். மற்ற படிகள் எல்லாம் இதன்மேல் நிற்கின்றன.

முதலில் மக்கள்தொகை. புள்ளிவிவரத் துறை ஒவ்வொரு துணை வட்டாரத்திற்கும் குடியிருப்பாளர் எண்ணிக்கையை வயது வாரியாக வெளியிடுகிறது. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுவார்கள். அந்த எண்ணிக்கையில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே உண்டு. வேலை அனுமதியில் இருப்பவர்கள், வெளிநாட்டு மாணவர்கள், இல்லப் பணிப்பெண்கள் யாரும் அதில் இல்லை. உங்கள் வட்டாரத்தில் ஊழியர் தங்குவிடுதி இருந்தால், ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போக பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் அந்தக் கூட்டம் முழுவதும் அட்டவணையில் இல்லை என்று பொருள். அதை நீங்கள் எழுதிக் காட்ட வேண்டும்.

அடுத்து பயணங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் தளம் இதற்குப் பொக்கிஷம். பதிவு இலவசம். எந்தப் பேருந்து நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், இறங்கினார்கள் என்று மணி வாரியாக, வார நாள், விடுமுறை நாள் பிரித்து மாதந்தோறும் தருகிறார்கள். ஒரு நிறுத்தத்தில் ஏறியவர்கள் எந்த நிறுத்தத்தில் இறங்கினார்கள் என்ற கோப்பும் உண்டு. இது அட்டை தட்டியவர்களின் கணக்கு. குடிமகனா, வேலை அனுமதியா என்று பார்க்காது. மேலே சொன்ன பள்ளத்தை இதுவே நிரப்பும்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் பேட்டையிலுள்ள நிறுத்தங்களின் ஐந்திலக்க எண்களைப் பட்டியலிடுங்கள். அருகிலுள்ள ரயில் நிலையத்தின் நிறுத்த எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பட்டியலிலிருந்து இரண்டாம் பட்டியலுக்கு எத்தனை பயணங்கள் என்று எக்செல்லில் வடிகட்டுங்கள். காலை ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் ரயிலைப் பிடிப்பதற்காகவே பேருந்து ஏறுகிறவர்களின் எண்ணிக்கை கையில் வந்துவிடும். ஆயிரம் கையெழுத்தைவிட இந்த ஒரு வரி கனமானது. கடந்த சில மாதங்களின் கோப்புகள்தான் தளத்தில் இருக்கும். எனவே ஒவ்வொரு மாதமும் இறக்கிச் சேமித்து வையுங்கள். பள்ளி விடுமுறை மாதமான ஜூனையும் டிசம்பரையும் தனியாகக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அந்த மாதத்தின் குறைந்த எண்ணைக் காட்டி உங்களை மடக்குவார்கள்.

மூன்றாவது, நடந்து பாருங்கள். முதியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, பேட்டையின் கடைசி புளோக்கிலிருந்து இப்போதைய நிலையம்வரை நடங்கள். வரைபடம் காட்டும் தூரத்திற்கும் கால் நடக்கும் தூரத்திற்கும் வித்தியாசம் உண்டு. மேம்பாலப் படிக்கட்டு, நீண்ட சிக்னல், கூரையில்லாத இடம், மழை நாளில் தண்ணீர் தேங்கும் வளைவு எல்லாவற்றையும் படமெடுங்கள். பின்னால் ஒன்பதாம் படியில் இவை உதவும்.

கடைசியாக வீட்டுக்கு வீடு கேள்வித்தாள். "நிலையம் வேண்டுமா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆம் என்பார்கள், அந்தப் பதிலால் யாரையும் நம்பவைக்க முடியாது. நேற்று எங்கே போனீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எத்தனை முறை மாறி ஏறினீர்கள் என்று கேளுங்கள். வேலைக்குப் போகும் பயணம் மட்டுமல்லாமல் மற்றவற்றையும் கேளுங்கள். தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத பிள்ளைகள் பள்ளி முடிந்து பீட்டி ரோட்டிலுள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடங்களுக்குப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை சிராங்கூன் ரோட்டுக் கோயிலுக்குப் போகும் பாட்டி, பலதுறை மருந்தகத்திற்குப் போகும் தாத்தா, இரவு வேலை முடிந்து வரும் தாதி, இவர்கள் யாரும் காலை நெரிசலில் இல்லை. கூட்டம் இல்லாத நேரத்திலும் நிலையம் காலியாக இருக்காது என்று காட்டுவதற்கு இவர்களே சாட்சி.

கேள்வித்தாளில் அடையாள அட்டை எண் கேட்கவே வேண்டாம். புளோக் எண், வயதுப் பிரிவு, பயண விவரம் போதும். மாலை ஏழரைக்கு மேல் கதவைத் தட்டுங்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு தட்டாதீர்கள்.

5. மறுப்பை நீங்களே முதலில் எழுதுங்கள்

உங்கள் கோரிக்கையை மறுக்கும் கடிதத்தை அதிகாரியின் இடத்தில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு காரணங்கள் வரும். பயணிகள் போதாது, அருகிலேயே நிலையம் இருக்கிறது, பேருந்து போதும், ஏற்கெனவே பயணம் செய்பவர்களுக்கு நேரம் கூடும்.

கடைசிக் காரணத்தைப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. ரயில் வேகம் குறைத்து, நின்று, கதவு திறந்து மூடி, மீண்டும் வேகமெடுக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். உங்களுக்கு மிச்சமாகும் பத்து நிமிடம் ஒரு பக்கம். உங்கள் நிலையத்தைக் கடந்து போகும் ஒவ்வொருவருக்கும் கூடும் ஒரு நிமிடம் மறுபக்கம். காலை நேரத்தில் கடந்து போகிறவர்கள் பல்லாயிரம் பேர். இந்தக் கணக்கை நீங்களே போட்டுக் காட்டினால், எதிரே இருப்பவர் உங்களை மதிப்பார்.

அரசாங்கம் எதை நிறுத்துப் பார்க்கிறது என்பதற்குக் குறுக்குத் தீவு ரயில் பாதை கண்முன் இருக்கும் உதாரணம். மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதிக்கு அடியில் போகலாமா, சுற்றிப் போகலாமா என்ற விவாதம் 2013லிருந்து ஆண்டுக்கணக்கில் நடந்தது. இயற்கை ஆர்வலர்கள் கூச்சல் போடவில்லை. ஆய்வறிக்கை எழுதினார்கள், சுற்றுச்சூழல் தாக்க ஆய்வை வரிக்கு வரி படித்துப் பதில் கொடுத்தார்கள். 2019 டிசம்பரில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் நேராகவே போகும் என்று முடிவானது. சுற்றுவழிக்குப் பயண நேரம் ஆறு நிமிடம் கூடும், செலவு ஏறத்தாழ 200 கோடி வெள்ளி கூடும் என்று காரணம் சொன்னார்கள். அவர்கள் கேட்ட வழி கிடைக்கவில்லை. ஆனால் வனத்திற்குள் செய்யும் ஆய்வு முறையிலிருந்து சுரங்கத்தின் ஆழம்வரை விவாதத்திற்கு வந்ததற்கு அந்தத் தாள்கள் காரணம். நிமிடமும் வெள்ளியும்தான் அங்கே பேசும் மொழி.

வீட்டு விலை ஏறும் என்ற வாதத்தை மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள். உங்கள் சொத்துக்காகப் பொதுப்பணம் கேட்பதாகவே அது படும்.

6. இரண்டு பக்கம், அதற்குமேல் வேண்டாம்

சேகரித்ததையெல்லாம் அடுக்கி நாற்பது பக்க அறிக்கை தயாரிப்பவர்கள் உண்டு. படிப்பதற்கு ஆளில்லை. இரண்டு பக்கக் கடிதம், பின்னிணைப்பாக அட்டவணைகள். கடிதத்தின் முதல் மூன்று வரிகளில் எந்த இடம், எந்த வகை நிலையம், எந்த ஆண்டுக்குள் என்று சொல்லிவிடுங்கள். அடுத்து குடியிருப்பாளர் எண்ணிக்கை, வரப்போகும் வீடுகள், பேருந்துக் கணக்கு. அதன்பின் நீங்களே போட்ட மறுப்புகளும் பதில்களும். முடிவில், நிலையம் தாமதமானால் இடைக்காலத்தில் என்ன வேண்டும் என்ற ஒரு பத்தி.

கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். கேள்வித்தாளும் வெற்றுத்தள அறிவிப்பும் நான்கு மொழிகளிலும் இருக்கட்டும். தமிழில் எழுதிய தாளைக் கையில் கொடுத்தால்தான் பாட்டி உட்கார்ந்து முழுக் கதையும் சொல்வார்.

யாருக்கு அனுப்புவது? ரயிலை ஓட்டும் நிறுவனத்திற்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது இன்னமும் நடக்கும் தவறு. புவாங்கோக் காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. அப்போது திறப்பதா வேண்டாமா என்பதில் நடத்துநரின் லாப நட்டம் நேரடியாகக் குறுக்கிட்டது. எஸ்எம்ஆர்டி நிறுவனம் ஓட்டும் பழைய பாதைகள் 2016 அக்டோபரிலும், வடகிழக்குப் பாதை 2018 ஏப்ரலிலும் புதிய ரயில் நிதிக் கட்டமைப்புக்கு மாறிய பிறகு, ரயில்களும் கருவிகளும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் சொத்து. நிலையம் பற்றிய முடிவும் அங்கேதான். கடிதம் ஆணையத்திற்கு, நகல் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு.

7. மக்கள் சந்திப்புக்குப் போங்கள், ஒருவராக

நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு வழக்கமாக வாரம் ஒரு மாலை நடக்கும். இருபது பேர் திரண்டு போகாதீர்கள். அங்கே வாடகை பாக்கி, வேலையிழப்பு, மருத்துவச் செலவு என்று அவசரத்தோடு வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நேரத்தை எடுத்துக்கொள்வது முறையல்ல. ஒருவர், கூடப் போனால் இருவர், இரண்டு பக்கக் கடிதத்துடன் போய், தனியாக அரைமணி நேரச் சந்திப்பு கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறும் மூத்தவர் போகிறாரென்றால், தமிழ் பேசும் தொண்டூழியர் இருக்கிறாரா என்று வரவேற்பு மேசையில் கேட்கலாம்.

போவதற்குமுன் உங்கள் தொகுதி எது என்று சரிபாருங்கள். தேர்தலுக்குத் தேர்தல் எல்லைகள் மாறுகின்றன. 2025 மே தேர்தலிலும் மாறின. சாலைக்கு அந்தப் பக்கம் வேறு தொகுதியாக இருந்தால், இரண்டு உறுப்பினர்களிடமும் போங்கள். இருவர் கேட்கும் நிலையம் ஒருவர் கேட்கும் நிலையத்தைவிட வலுவானது.

உறுப்பினரிடம் "எங்களுக்காகப் பேசுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். நாடாளுமன்றக் கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். "இந்த நிலையத்தைத் திறப்பது பற்றி அமைச்சு என்ன நினைக்கிறது?" என்று கேட்டால் "பரிசீலிக்கிறோம்" என்பதே பதிலாக வரும். "எத்தனை வீடுகள் நிறைவடைந்தால் திறக்கப்படும்? அந்த எண்ணிக்கை எந்த ஆண்டில் எட்டப்படும் என்று அமைச்சு கணிக்கிறது?" என்று கேட்டால், பதில் எதுவானாலும் அது நாடாளுமன்றப் பதிவேட்டில் நிற்கும். அடுத்த ஆண்டு அதிலிருந்து தொடங்கலாம்.

காலம் முக்கியம். பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம். அதைத் தொடர்ந்து மார்ச் வாக்கில் ஒவ்வொரு அமைச்சின் செலவின விவாதம். போக்குவரத்து அமைச்சின் பெரிய அறிவிப்புகள் பல அப்போது வருகின்றன. சிலேத்தார், தெங்கா பாதைகளும் அப்படித்தான் வந்தன. உறுப்பினர்கள் பேச நேரம் முன்கூட்டியே பதிவு செய்கிறார்கள். எனவே உங்கள் தாள் டிசம்பரிலேயே அவர் கையில் இருக்க வேண்டும்.

8. சட்டத்தின் கோட்டைத் தாண்டாதீர்கள்

2005 ஆகஸ்டில் அமைச்சர் ஒருவர் வருகையின்போது, மூடிக்கிடந்த புவாங்கோக் நிலையம் அருகே பயனில்லாத செலவைக் குத்திக்காட்ட, அட்டையில் செய்த எட்டு வெள்ளை யானைகள் சாலையோரம் நின்றன. இன்றும் எல்லாரும் அதைச் சொல்வார்கள். பின்னால் போலீஸ் விசாரணை நடந்ததையும், ஒருவருக்குக் கடும் எச்சரிக்கை விடுக்கப்பட்டதையும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இன்று பொது ஒழுங்குச் சட்டம் இன்னும் விரிவானது. அனுமதியின்றி ஒருவர் தனியாகப் பதாகை பிடித்து நின்றாலும் அது கூட்டமாகக் கருதப்படலாம். பேருந்து நிறுத்தத்திலும் விளக்குக் கம்பத்திலும் ஒட்டும் தாள், பொதுச் சொத்தை நாசப்படுத்துவதாக வழக்காகலாம். ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் குடிமக்கள் பதிவு செய்து பேசலாம். வெளிநாட்டினர் அதில் பங்கேற்க அனுமதி வேண்டும். குழுவில் வேலை அனுமதியில் இருக்கும் நண்பர் இருந்தால் அவரை எந்தப் பொது நிகழ்வுக்கும் இழுக்காதீர்கள். அவருடைய வேலையும் குடும்பமும் அதில் தொங்குகின்றன. எக்செல் வேலையை அவர் வீட்டிலிருந்தே செய்யலாம்.

பத்திரிகைக்கு எழுதுவது நல்ல வழி. தமிழ் முரசுக்கு ஒன்றும் ஆங்கில நாளிதழின் வாசகர் பகுதிக்கு ஒன்றும், வேறு வேறு ஆட்கள் எழுதி, வேறு வேறு செய்தியோடு போகட்டும். ஒரே கடிதத்தைப் பலர் அனுப்பினால் ஒன்றும் வராது. ஆணையத்தின் பதில் வந்த பிறகு எழுதுங்கள். பதிலுக்கு முன்பே எழுதினால் அது முறையிடல் போலாகிவிடும்.

9. "தற்போதைக்கு இல்லை" என்ற பதிலைப் படிக்கும் விதம்

இந்தக் கடிதம் வந்தே தீரும். அதை இரண்டு முறை படியுங்கள். "பயணிகள் எண்ணிக்கை போதாது" என்றால், எண்ணிக்கை கூடினால் கதவு திறக்கும் என்று பொருள். ஒவ்வோர் ஆண்டும் புதிய எண்ணுடன் திரும்பிப் போகலாம். "வட்டார வளர்ச்சிக்கு ஏற்ப" என்றால், வீவகவின் புதிய வீட்டு அறிவிப்புகளைக் கண்காணியுங்கள்; உங்கள் பக்கத்தில் ஒரு பிடிஓ (தேவைக்கேற்பக் கட்டும் வீடுகள்) திட்டம் அறிவிக்கப்பட்ட வாரமே அடுத்த கடிதம் போக வேண்டும். "தொழில்நுட்ப ரீதியில் சாத்தியமில்லை" என்றால் நிலைமை வேறு. என்ன தடை என்று ஒரு முறை கேளுங்கள். வளைவு, சரிவு என்று பதில் வந்தால், அந்த இடத்தை விட்டுவிட்டுக் கடிதத்தின் கடைசிப் பத்தியைக் கையில் எடுங்கள்.

அந்த இடைக்காலக் கோரிக்கைகள் சில்லறை அல்ல. நிலையத்திற்கு நேரடியாகப் போகும் பேருந்து, இணைப்புச் சேவையின் இடைவெளியைக் குறைப்பது, கூரையுள்ள நடைபாதை, மேம்பாலத்தில் மின்தூக்கி இவையெல்லாம் சில ஆண்டுகளில் கிடைக்கக்கூடியவை. பேருந்துச் சேவைகளை விரிவாக்க 2024ல் எட்டாண்டுகளுக்கு 90 கோடி வெள்ளிவரை ஒதுக்குவதாக அறிவித்திருக்கிறார்கள். நடந்து பார்த்தபோது எடுத்த படங்களை இப்போது அனுப்புங்கள். இடைக்காலப் பேருந்தைக் கேட்டால் நிலையம் வராது என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அந்த அச்சம் தேவையற்றது. பேருந்து நிரம்பி ஓடினால், அந்தக் கணக்கு டேட்டாமாலில் உங்களுக்காகவே சேர்ந்துகொண்டிருக்கும்.

10. அறிவிப்பு வந்த பிறகு வேலையை விடாதீர்கள்

நிலையம் உறுதியானதும் குழு கலைந்துவிடுகிறது. வாயில்களின் இடம் அதற்குப் பிறகே முடிவாகும். சாலையின் எந்தப் பக்கம் வாயில், எந்த வாயிலில் மின்தூக்கி, கூரை நடைபாதை எந்த புளோக்வரை, மிதிவண்டி நிறுத்துமிடம் எங்கே என்பதெல்லாம் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு உங்கள் பேட்டையின் அன்றாடத்தைத் தீர்மானிக்கும். ஆணையம் கருத்துக் கேட்கும் கூட்டங்களுக்குச் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவரையும் தள்ளுவண்டியுடன் ஒரு தாயையும் அழைத்துப் போங்கள். கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் சத்தம், தூசி, மாற்றுப்பாதை பற்றிய புகார்கள் உங்கள் குழுவிடமே வரும். ஒப்பந்ததாரரின் தொடர்பு எண்ணை வாங்கி, வெற்றுத்தள அறிவிப்புப் பலகையில் நான்கு மொழிகளிலும் போட்டு வையுங்கள்.